ஆடிக்கு எடுத்த ஏலம்

1

இந்த வாரம் நூலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வட ஜெர்மனியில் கடலை ஒட்டியிருக்கும் இந்தச் சின்னத் துறைமுக ஊரில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தொல்லை பிடித்தவை. வாடகை, காப்பீடு, குப்பைத்தொட்டியைத் தப்பான நாளில் வெளியே வைத்தது என்று ஏதாவது இருக்கும். இது சாதுவான கடிதம். நூலகத்தின் வாசிப்பு வட்டம் அடுத்த ஆண்டுக்கான புத்தகங்களைத் தேர்வு செய்யப் போகிறதாம். உறுப்பினர்கள் ஆளுக்கொரு புத்தகம் முன்மொழியலாமாம்.

நிபந்தனைகள் உண்டு. புத்தகம் முந்நூறு பக்கத்தைத் தாண்டக் கூடாது, எல்லோருக்கும் பிரதி கிடைக்க வேண்டும், ஏன் இந்தப் புத்தகம் என்று ஒரு பத்தி எழுதித் தர வேண்டும். பிறகு ஒரு மாலையில் எல்லோரும் கூடி, சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். யாரும் சண்டை போட மாட்டார்கள். தன் புத்தகம் தேர்வாகாதவர் "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் நின்றுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் கால் மட்டும்தான் வாசிப்பு வட்டத்துக்கு நன்றி சொல்லும். போன வருஷம் ஒருநாள் ஏதோ வேகத்தில் தலைவியம்மாவிடம் "நீ சொல்றது தப்பு" என்று சொல்லிவிட்டேன். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். அவர் புன்னகைத்தார். அடுத்த கூட்டத்தில் என்னிடம் ஒன்றுக்கு இரண்டு மடங்கு மரியாதையாகப் பேசினார். அன்றிலிருந்து நான் அங்கே அதிகம் வாய் திறப்பதில்லை. திருவொற்றியூரில் பிறந்தவளுக்கு மரியாதை வாயில் தானாக வராது, நினைத்து நினைத்துத்தான் வரவழைக்க வேண்டும். களைத்துப்போனால் நழுவிவிடுகிறது.

கடிதம் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. இன்னும் நிரப்பவில்லை. புத்தகம் தேர்ந்தெடுப்பது என்றாலே எனக்கு இப்போது மனசு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

2

எனக்கு இன்னொரு வாசிப்பு வட்டம் இருக்கிறது. திருவொற்றியூரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அதன் மாப்பிள்ளை அறையில்தான் ஞாயிறு சாயங்காலம் கூடுவோம். மண்டபம் என் பள்ளித் தோழி செல்வியின் மாமாவுடையது. வட்டத்தை நடத்துபவளும் அவள்தான். முகூர்த்த நாளில் அறை மாப்பிள்ளைக்குப் போய்விடும் என்பதால், எங்கள் கூட்டங்களைப் பஞ்சாங்கம்தான் முடிவு செய்யும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் நல்ல நாள் நிறைய. கூட்டம் நடப்பதே சந்தேகம். அப்போது மெலிந்த புத்தகமாகத் தேர்வு செய்வோம். ஆடியும் மார்கழியும் எங்களுக்கு அறுவடைக் காலம். கல்யாணம் கிடையாது, மண்டபமே எங்களுடையது. தலையணை மாதிரி புத்தகங்கள் எல்லாம் ஆடிக்குத்தான். தெரு முனை அம்மன் கோயில் ரேடியோ செட்டை மீறிக் கத்திக் கத்திப் பேச வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் கஷ்டம்.

ஒருமுறை நாங்கள் ஒரு நாவலைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தபோது, முன்பதிவில் இல்லாத ஒரு நிச்சயதார்த்தம் தட்டுகளோடு உள்ளே வந்துவிட்டது. எங்களை எல்லாம் பெண் வீட்டுக்காரர்கள் என்று நினைத்து வணக்கம் சொன்னார்கள். நாங்களும் எழுந்து வணக்கம் சொன்னோம். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

புத்தகத்தை ஏலத்தில்தான் எடுப்போம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறும் தேசப்பன் அண்ணன் எங்கள் உறுப்பினர். ஆரம்பத்தில் நாங்களும் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தோம். கை தூக்கியவர்கள் யாரும் படித்துவிட்டு வருவதில்லை. கடுப்பாகிப் போய் ஒருநாள் அவர் புத்தகங்களைத் தரையில் வரிசையாகப் போட்டு ஏலம் விட்டார். காசு கிடையாது. இந்தப் புத்தகத்துக்காக நீ எதை விடுவாய், அதைச் சொல்லு. தொண்டையார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ரஹ்மத் பாய் மாசம் பூராவும் பிரியாணியை விடுவார். செல்வி சீரியலை விடுவாள். எவர் விடுவது அதிகம் வலிக்கிறதோ அவர் கேட்ட புத்தகம் அந்த மாதப் புத்தகம். முதலில் பேசும் உரிமையும் அவருக்கே.

தேசப்பன் அண்ணன் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, அட்டையைச் செவுளைப் போலத் தூக்கிக் காட்டுவார்.

"பாத்துக்க. தொட்டுப் பாத்துக்க. அப்பால நாறுது கீறுதுன்னு எங்கிட்ட வரக்கூடாது."

யாரும் கேட்காத புத்தகத்தை "ஐஸ்ல போடு" என்று ஓரமாக வைத்துவிடுவார். ஒரே ஒரு சட்டம்தான் கறாரானது. துறைமுகத்தில் ஏலம் எடுத்துவிட்டு மீனைத் தூக்காமல் போனவன் அப்புறம் அங்கே வாய் திறக்க முடியாது. இங்கேயும் அதேதான்.

வெளிநாடு வந்தபின் செல்வி என்னைப் போனில் சேர்த்துக்கொண்டாள். அங்கே மாலை நான்கு மணி என்றால் இங்கே மதியச் சமையல் நேரம். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். வாடகைக்கு இருந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் என்று மிச்சமிருப்பது இந்த மாப்பிள்ளை அறைதான்.

3

இந்த வருஷம் ஆடிப் புத்தகத்துக்கான ஏலம், படித்து முடிக்க நேரம் வேண்டுமே என்று, ஆனி மாதத் தொடக்கத்திலேயே நடந்தது. நான் முன்மொழிந்தது ஒரு பெரிய நாவல். உப்பளத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து கப்பலில் சமையல்காரனாகப் போனவன் ஒருவனின் கதை. எங்கோ ஒரு துறைமுகத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே தன் தெருவில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று வரிசையாகச் சொல்லிப் பார்ப்பான். செல்வி அந்தப் பக்கத்தைப் போனில் படித்துக் காட்டியபோது என் கையிலும் உருளைக்கிழங்கு இருந்தது. எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

தேசப்பன் அண்ணன் செவுளைத் தூக்கிக் காட்டினார். யாரும் கேட்கவில்லை.

"எம்மாம் பெரிசு கீது பாரு. இத்தப் படிக்கறதுக்குள்ள அடுத்த ஆடி வந்துரும்" என்றார் ரஹ்மத் பாய்.

"ஐஸ்ல போட்டுரவா? ஒரு தபா…"

"அண்ணே, இருங்க" என்றேன். "நான் கேக்கறேன்."

"இன்னா வுடுவ? அங்க குந்திகினு எத்த வுட்டாலும் நாங்க பாக்கவா போறோம்?"

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. கோடை விடுமுறைக்கு வடக்குக் கடலில் ஒரு தீவுக்குப் போவதாக வீட்டில் திட்டம். அறைகூடப் பார்த்து வைத்திருந்தோம். நான் யாரையும் கேட்கவில்லை.

"லீவை வுடறேன். இந்த ஆடிக்கு நேர்ல வந்து குந்திப் பேசறேன்."

போனில் ஒரே கூச்சல். நான் ஊருக்குக் கடைசியாகப் போனது அம்மா இறந்தபோது, ஆறு வருஷமாகிறது. தேசப்பன் அண்ணன் ஒரு தபா, ரெண்டு தபா, மூணு தபா சொல்லி முடித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் கதவோரம் என் மகள் இனியா நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லும் வயது.

"அது என்னோட லீவும்தான்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது நியாயம். எனக்குத்தான் அன்றைக்கு யார் நியாயமும் காதில் ஏறவில்லை.

4

செல்வி புத்தகத்தைத் தபாலில் அனுப்பினாள். வீட்டுக்கு வரவில்லை. சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம்தான் வந்தது. நேரில் வந்து, அதிகாரி முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும்.

அதிகாரி இளவயதுக்காரர். என்ன இருக்கிறது என்று கேட்டார். புத்தகம் என்றேன். கத்தியை நீட்டினார். நான் ஒட்டுத்தாளைக் கிழித்ததுமே அந்த மணம் குப்பென்று வந்தது. புத்தகம் மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று செல்வி சுற்றிலும் பாலித்தீன் பைகளை அடைத்திருந்தாள். பைகள் நிறைய நெத்திலிக் கருவாடு. அதிகாரி ஒரு அடி பின்னால் போனார். இது புத்தகமா என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலை யாரோ திறந்துவிட்டார்கள்.

கருவாட்டுக்கு அனுமதி இல்லை. எடுத்துக்கொண்டார்கள். புத்தகத்தைத் தந்தார்கள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தக் கருவாட்டை நினைத்தால் வயிறும் எரிந்தது.

அதற்கு அடுத்த கடிதம்தான் பெரிய அடி. என் இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தேன். புதிய பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி இங்கே தங்கும் உரிமை அட்டையையும் மாற்ற வேண்டும். அதற்கு அவர்கள் கொடுத்த நாள் ஆடியின் நட்டநடுவில் விழுந்தது, அட்டை கைக்கு வர அதற்குப் பிறகும் சில வாரம் ஆகும். அலுவலகத்துக்கே போய் நின்றேன். முன்னால் தர முடியாது, வேண்டுமானால் பின்னால் தள்ளிப் போடலாம் என்றாள் அங்கிருந்த பெண். புது அட்டை இல்லாமல் போய்விட்டு வரலாமா என்றேன். போகலாம், திரும்பி உள்ளே விடுவார்களா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். மிகவும் கனிவாகத்தான் சொன்னாள். இங்கே கதவைச் சாத்துகிறவர்கள் எல்லோருமே கனிவானவர்கள்.

என் கணவர் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபோது இனியாவும் அவரோடு வாங்கிக்கொண்டாள். நான் மட்டும் இந்திய பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அதை விட்டால் நான் யார் என்று அன்றைக்குக் கேட்டேன். இன்றைக்கு அந்தப் பாஸ்போர்ட்தான் என்னை ஊருக்குப் போக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

செல்விக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் அலுத்துக்கொண்டாள்.

"இன்னா பரிமளா இப்டி பண்ணிட்ட. அண்ணன் ஊரெல்லாம் சொல்லிகினு திரியுறாரு, ஜெர்மனிலருந்து ஒரு பொண்ணு புக்குக்காண்டி வருதுன்னு."

"அட்டை வரலடி."

"எனக்குப் புரியுது. ஏலத்துக்குப் புரியாது."

5

அதற்கு முன்பிருந்தே இனியாவுக்கு நான் நாவலை வாசித்துக் காட்டத் தொடங்கியிருந்தேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை எட்டு வயதில் விட்டுவிட்டாள். நான் வேலை முடிந்து வந்து சத்தமாக வாசிப்பேன், படிக்கும்போது தூங்கிவிடாமல் இருக்கத்தான். புத்தகம் நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அறையைவிட்டு ஓடியவள், நாலைந்து நாளில் வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்புறம் எதிர் நாற்காலிக்கு வந்தாள்.

சமையல்காரன் ஊருக்குக் கடிதம் எழுதும் இடங்களில் நான் வேகத்தைக் குறைத்து வாசிப்பேன். கப்பல் கிடைக்கவில்லை, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று எழுதிக்கொண்டே இருப்பான். ஒருநாள் இனியா இடைமறித்தாள்.

"அவனுக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லம்மா. கப்பல் இல்லன்னு சும்மா சொல்றான்."

"அப்படி இல்ல. அந்தக் காலத்துல நெஜமாவே…"

"போற கப்பல்ல எல்லாம் வேலை பாக்கறான். ஊருக்குப் போறது மட்டும் கிடைக்கலயா?"

அதைத் தமிழில் சொன்னாள். அது வேறு வலித்தது. என்னைத்தான் சொல்கிறாளோ என்று தோன்றியது. பக்கத்தைத் திருப்பி மேலே வாசித்தேன்.

செல்வியோடு நான் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நான் போறேன். யாராவது ஒருத்தர் போய்ப் பேசணும், அவ்ளோதானே?"

என் மேல் இருக்கும் பாசத்தில் போகிறாள் என்று நான் ஏமாறவில்லை. தீவும் போயிற்று, தோழிகள் எல்லோரும் எங்கெங்கோ கிளம்பிவிட்டார்கள், என்னோடு சமையலறையில் உட்கார்ந்திருப்பதைவிட எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஒரே வாரத்தில் விசா வந்துவிட்டது. அந்நிய நாட்டுக்காரி அவள், போனிலேயே விண்ணப்பித்து வாங்கிவிட்டாள். இந்தியக்காரி நான் பையில் துண்டும் மிளகாய்ப்பொடி டப்பாவும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே கிடைக்காததா என்று அவள் அப்பா கேட்டார். கை தானாக எடுத்து வைக்கிறது, அதைக் கேட்காதீர்கள் என்றேன்.

கடைசி அத்தியாயத்தை விமான நிலையம் போகும் ரயிலில் வாசித்து முடித்தேன்.

6

ஆடிக் கடைசி ஞாயிறு. அட்டைக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அட்டை இன்னும் வரவில்லை. இனியா செல்வி வீட்டில் தங்கியிருந்தாள். முதல் வாரம் தினமும் கூப்பிட்டாள், வெயில், கொசு, கரண்ட் இல்லை என்று. அடுத்த வாரம் நான்தான் கூப்பிட்டேன். "கூழ் ஊத்தறாங்க, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அப்பால என்கிறாள்.

போனை வழக்கம்போல் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். அங்கே இனியாவின் போனில்தான் என்னை இணைத்திருந்தார்கள். ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. முதலில் பேசும் உரிமை எனக்கு. எனக்குப் பதிலாக இனியா எழுந்தாள். தடுக்கித் தடுக்கி, நடுவில் ஜெர்மன் வந்து விழ, அதைத் துடைத்துவிட்டுத் திரும்பச் சொல்லி, சமையல்காரன் பொய்யன் என்றாள். அவன் ஊரை நினைப்பதில் சுகம் கண்டுவிட்டான், போனால் அந்தச் சுகம் போய்விடும் என்று பயப்படுகிறான் என்றாள்.

ரஹ்மத் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "பொழைக்கப் போன மன்சன் கஷ்டம் உனக்கு இன்னாம்மா தெரியும்? ஒங்கம்மாவும்தான் வரல. அதுவும் பொய்யா?"

நான் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

இனியா அவர் பக்கம் திரும்பினாள். "இல்ல. அம்மாவுக்கு அட்டை வரல. அத நான் கண்ணால பாத்தேன். அட்டை வந்தா வருவாளான்னு எனக்குத் தெரியாது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மறுத்துப் பேச நினைத்தேன். ஆனால் இந்த ஆறு வருஷமும் பழைய அட்டை என் பையில்தானே இருந்தது.

தேசப்பன் அண்ணன்தான் பேசினார். "பொண்ணு வந்துச்சு, பேசிச்சு. நல்லாத்தான் பேசிச்சு. அது வேற. லீவை வுட்டுட்டு வரேன்னு கேட்டது பரிமளா. பரிமளா இன்னும் மீனத் தூக்கல. நேர்ல வந்து குந்துற வரைக்கும் ஏலத்துல வாயத் தொறக்கக் கூடாது. காதால கேட்டுக்கலாம். சர்தானாம்மா?"

"சரிண்ணே" என்றேன்.

முதலில் கோபமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் சமையலறையில் நின்று கேட்டவளுக்கு இதுதானா என்று. பிறகு மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. இங்கே எந்தக் கூட்டத்துக்கு நான் வராவிட்டாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. அங்கே நான் வராதது ஒரு குற்றமாக இன்னும் நிற்கிறது. என்னை எதிர்பார்க்கிறார்கள். அது போதும் என்று இருந்தது, கண்ணும் கலங்கியது.

அடுத்தது ஆவணிப் புத்தகத்துக்கான ஏலம். முகூர்த்த மாதம், ஆகவே எல்லாம் மெலிந்த புத்தகங்கள். அதில் ஒரு சின்னச் சிறுகதைத் தொகுப்பை அண்ணன் தூக்கிக் காட்டினார். ரஹ்மத் பாய் சாயங்கால டீயை விட்டார். செல்வி தலைக்குப் பூ வைப்பதை விட்டாள். ஏலம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"நான் போனை வுடறேன்" என்றது ஒரு குரல்.

இனியாவின் குரல்தான்.

"எத்தினி நாளு?"

"ஊருக்குப் போற வரைக்கும்."

மண்டபமே கத்தியது. அதைவிட வலிக்கும்படி விட யாரிடமும் ஒன்றுமில்லை. "ஒரு தபா" என்றார் அண்ணன். அவள் ஊர் என்று சொன்னது எதை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு தபா. மூணு தபா. போச்சு. குடும்மா போன."

"இனியா, இரு" என்றேன். நான் வாய் திறக்கக் கூடாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. திரையில் மண்டபத்து மின்விசிறி தெரிந்தது, அப்புறம் யாருடைய உள்ளங்கையோ. அவ்வளவுதான்.

உடனே திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. செல்வியைக் கூப்பிட்டேன். "ஏலத்துல எடுத்துட்டாடி. நானே குடுத்தாலும் அவ பேசமாட்டா. நல்லாத் துன்றா, நல்லாத் தூங்கறா, வுடு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்திருந்தது.

அவள் விமானம் ஏற இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. நூலகத்துக் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அங்கே ஆவணிப் புத்தகத்தைத் தொடங்கியிருப்பார்கள். முதலில் பேச வேண்டியவள் அவள், தமிழ் வாசிக்கத் தெரியாதவள். இப்போது அவளுக்கு யார் வாசித்துக் காட்டுகிறார்கள் என்று செல்வியிடம் கேட்க மறந்துவிட்டேன்.